ஈரப்பதம் ஐம்பத்திரண்டு

அத்தியாயம் 5

கலியமூர்த்தி பீங்கான் தொழிலகத்தில் மனிதர்கள் வேலை பார்க்கும் அறைகள் பதினொன்று. அவற்றில் ஒன்றுக்குக்கூட ஏ.சி. கிடையாது. பன்னிரண்டாவது அறைக்கு உண்டு. அதில் மனிதர்கள் யாரும் இல்லை. ஒரு சுவிட்ச் இருக்கிறது.

விளக்குப் போடும் சுவிட்ச் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் முதலாளி கலியமூர்த்தி மிகவும் கவனமாக இருந்தார். இது நெட்வொர்க் சுவிட்ச். ஆபீஸ், கிடங்கு, ஜங்ஷன் ரோட்டு ஷோரூம் மூன்றிலும் உள்ள பத்தொன்பது கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேசவைப்பது. ஜவுளிக்கடை வேட்டிப் பெட்டி அளவுதான். முகப்பில் இருபத்துநாலு ஓட்டை. பத்தொன்பது கம்ப்யூட்டர்களில் பதினான்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

அந்த அறைக்குள்தான் பத்து நாளுக்கு முன்பு, ஐப்பசி மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருமால் என்கிற தொழிலாளி செத்துக் கிடந்தார். மறுநாளே அதே அறையில் கணபதி ஹோமம் நடந்தது. சுவிட்சுக்குச் சந்தனம் வைத்தார்கள்.

பழமலைநாதன் இப்போது அந்த அறையின் வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில், செத்தவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று விசாரிக்கிற வேலை. அதை விட்டுவிட்டுப் பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய உதவியாளர் சிவசங்கரி. நடத்திவந்த பிரவுசிங் சென்டர் மூடிப்போனதால், கம்ப்யூட்டர் அறிவும் வாய்த்துடுக்கும் மட்டும் மிஞ்ச, இவரிடம் வந்து சேர்ந்தவள்.

இருவரும் 'தொழில் வளர்ச்சி மலர்' என்ற, உலகத்தில் இல்லாத ஒரு பத்திரிகையிலிருந்து வந்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். யோசனை சிவசங்கரியுடையது. துப்பறிய வந்திருக்கிறோம் என்றால் கேட்டிலேயே நிறுத்துவார்கள், பாராட்ட வந்திருக்கிறோம் என்றால் டீயும் குடுப்பாங்க சார் என்றாள். டீயும் கொடுத்தார்கள்.

இதற்கெல்லாம் காரணம் திருமாலின் மனைவி கனகா. முந்தின நாள் மாடியேறி வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். முதலாளி போலீசில் சொன்னது இதுதான்: லீவு நாளில் பூட்டுச் சாவியோடு உள்ளே போன திருமால், மின்சார எர்த் குழியில் பதிக்க வாங்கி வைத்திருந்த செம்புப் பட்டையைத் திருடினார், குடித்திருந்தார், மாரடைப்பு வந்துவிட்டது. சாப்பாட்டுப் பையிலிருந்து செம்புப் பட்டையும் எடுத்துக் காட்டினாராம். போலீஸ் அதை மூன்று வரியில் எழுதி முடித்துவிட்டது.

"செத்த மூஞ்சி மாதிரியே இல்லீங்க. கன்னமெல்லாம் செவந்து, வெயில்ல நடந்து வந்தவரு மாதிரி படுத்திருந்தாரு. சாராயந்தான் அப்புடி செவக்குதுன்னுட்டாங்க. அவரு குடிக்க மாட்டாருங்க" என்றாள் கனகா. தனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்றாள். "திருடன் இல்லன்னு யாராவது ஒருத்தர் எழுதிக் குடுத்தா போதுங்க. ஸ்கூலுல எம் பொண்ணு காவியா பக்கத்துல ஒரு புள்ளையும் பேனாவ வெக்க மாட்டேங்குது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் பழமலைநாதன் இங்கே வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

அறைக் கதவில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது. பதினான்கு விதிகள், அத்தனையும் ஆங்கிலத்தில். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் கொடுத்தது. சிவசங்கரி அதைப் படித்துத் தமிழில் சொன்னாள். தூசு கூடாது. சூடு பதினெட்டிலிருந்து இருபத்துநாலுக்குள். காற்றின் ஈரப்பதம் ஐம்பத்தைந்துக்குக் கீழே. பெட்டியை மாட்டும் இரும்பு ரேக்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்றடி இடம். கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும்.

"நான் பொறந்த ரூமுக்கு இவ்ளோ ஏற்பாடு நடக்கல சார்" என்று முணுமுணுத்தாள்.

கலியமூர்த்தி கதவைத் திறந்து, கருவறையைக் காட்டும் குருக்கள்போல ஒதுங்கி நின்றார். முன்னால் இது மெருகுப் பொடி மூட்டைகள் அடுக்கும் இடமாம். இந்த ஊரில் களிமண் தூசு சோற்றிலும் விழும், சாமி மேலும் விழும். சுவிட்ச் மேல் மட்டும் விழக் கூடாது. அதனால் இரண்டு ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். கூரை விரிசலுக்குப் பட்டிப் பூச்சு. கதவு விளிம்பு முழுக்க ரப்பர். தரையில் மின்சாரம் தங்காத தனி விரிப்பு.

"எறும்பு மூச்சு வுட்டாக்கூட உள்ள வராது சார். எழுதிக்குங்க" என்றார்.

பழமலைநாதன் எழுதிக்கொண்டார்.

சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டியிருந்தது. பெருமாள் படமாக இருக்கும் என்று பார்த்தால், கோடு போட்ட காகிதம். ஹோமத்தன்று போட்ட சாமந்தி மாலை காய்ந்துபோய் அதன் மேல் தொங்கியது. முதலாளி விளக்கினார். புதுப் பூச்சு காயாததால் அறையில் ஈரம் எண்பதுக்கு மேல் நின்றுவிட்டதாம். ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால்தான் பெட்டியைப் பிரிப்பேன் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டாராம். அளவு குறித்த தாள் இருந்தால்தான் கம்பெனி கியாரண்டி. அதனால்தான் அதைக் கண்ணாடி போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தார்.

"கடைசியில பாருங்க, அம்பத்திரெண்டு. ஏ.சி. போட்டு எறக்கிட்டோம்ல."

சட்டத்தில் இடது பக்கம் மணி. அடுத்த பத்தியில் ஈரம். பன்னிரண்டு மணிக்கு எண்பத்தொன்று. பன்னிரண்டரைக்கு எழுபத்தாறு. அரைமணிக்கு ஒரு தரம் ஒழுங்காகக் குறித்து, இரண்டரைக்கு ஐம்பத்திரண்டு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. தேதி, ஞாயிற்றுக்கிழமை.

யார் குறித்தது என்று பழமலைநாதன் சாதாரணமாகக் கேட்டார். எவனோ வேலைக்காரன் என்று சொல்லிவிட்டு முதலாளி ஏ.சி.யைப் பார்த்தார்.

செம்பு திருட வந்தவன், அரைமணிக்கு ஒரு தரம் திருட்டை நிறுத்திவிட்டு, ஈரப்பதம் பார்த்து எழுதி வைத்திருக்கிறான். காப்பீட்டுக் கம்பெனியில் இருந்த இருபது வருஷத்தில் இவ்வளவு பொறுப்பான திருடனைப் பழமலைநாதன் சந்தித்ததில்லை.

சிவசங்கரி, பூ காய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே மாலையை ஒரு விரலால் ஒதுக்கினாள். மாலைக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பத்தி இருந்தது. சூடு. பன்னிரண்டு மணிக்கு இருபத்தொன்பது டிகிரி. முப்பத்தொன்று, முப்பத்துமூன்று, முப்பத்தைந்து, முப்பத்தேழு. இரண்டரை மணிக்கு முப்பத்தெட்டு.

அவள் பழமலைநாதன் காதருகே வந்தாள். "ஏ.சி. போட்டா சூடு ஏறுமா சார்? இவரு வாங்குனது ஏ.சி.யா அடுப்பா?"

எப்போதும்போல ஒரு கிண்டலாகத்தான் சொன்னாள். பழமலைநாதன் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் ரேக்கைப் பார்த்தார். சுற்றிலும் மூன்றடி விடச் சொல்லி விதி. நடுவில் வேண்டிய மட்டும் இடமிருந்தும், ரேக் மூலையில், சுவரோடு ஒட்டி நின்றது. அந்த மூலைச் சுவரில் இன்னும் ஈரத்தின் கறை தெரிந்தது. மற்ற பதின்மூன்று விதியையும் பூஜை போட்டுக் காப்பாற்றுகிற மனிதர், இந்த ஒன்றை மட்டும் ஏன் மீற வேண்டும்?

ரேக்கை நடுவில் தள்ளி நிறுத்தி, முதலாளியைப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுக்கலாமா என்று கேட்டார். வரவேற்பறையில் டெலிபோனோடு, ஜெனரேட்டரோடு, புதுக் குழாயோடு கூடப் போட்டோ எடுத்து மாட்டியிருக்கும் கலியமூர்த்தி, வேண்டாம் என்றார். வொயர் அறுந்துவிடும் என்றார். பிறகு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

ரேக்குக்குச் சக்கரம் இருந்தது. இருவரும் ஒரு முழம் தள்ளினார்கள்.

விரிப்பில் மூன்று இடத்தில் தீய்ந்திருந்தது. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அளவு, சாணுக்கொன்றாக, முக்கோணத்தில்.

"மூணு காலு" என்றாள் சிவசங்கரி.

"கணப்புச் சட்டி" என்றார் பழமலைநாதன்.

ரேக்கைத் திரும்பத் தள்ளிவிட்டு, மற்ற பகுதிகளையும் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் தலையாட்டிவிட்டுப் பின்பக்கம் நடந்தார்கள். அங்கே உலர்த்தும் கொட்டகை. சுடாத பொம்மைகளும் ஜாடிகளும் பலகைகளில் வரிசையாக நின்றன. மழைக்காலமாதலால் நடுநடுவே கரி போட்ட இரும்புக் கணப்புகள் கனன்றுகொண்டிருந்தன. பூவாயி என்ற பெண் ஒரு கணப்புக்குப் பக்கத்தில் குந்தி, ஜாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

பழமலைநாதன் கேட்டதற்கு அவள் வேலையை நிறுத்தாமல் பதில் சொன்னாள். "கணப்ப வெச்சிட்டுப் போயிட முடியாதுங்க. ஒரு பக்கம் காஞ்சி ஒரு பக்கம் ஈரமா நின்னா வெடிச்சிடும். கூடவே குந்திப் பாக்கணும். திருமாலண்ணந்தான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சி." சொல்லிவிட்டு அடுத்த ஜாடியைத் திருப்பினாள்.

பழமலைநாதன் அண்ணாந்து பார்த்தார். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் இரண்டடி திறப்பு. கரியின் மூச்செல்லாம் அதன் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

பதினாறு வருஷம் இந்தக் கொட்டகையில் மண்ணைக் காயவைத்த மனுஷர் திருமால். ஓர் அறையைக் காயவை என்றால் அவருக்குத் தெரிந்தபடிதானே காயவைப்பார்? ஈரமான மூலையில் கணப்பு. பக்கத்திலேயே காவல். கதவைச் சாத்த வேண்டும் என்பது கதவில் எழுதி எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்த விதி, அதன்படியே சாத்தியிருக்கிறார். கனிந்த கரியிலிருந்து வருகிற விஷக்காற்றுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூச்சில் ஏறினால் தூக்கம் வரும், கன்னம் சிவக்கும். ஊட்டி லாட்ஜ் ஒன்றில் குளிருக்குக் கணப்பு மூட்டிக்கொண்டு படுத்து, அப்படிச் சிவந்த கன்னத்தோடு எழுந்திருக்காமல் போன ஒரு தம்பதியின் பைலை அவர் ஒரு காலத்தில் முடித்திருக்கிறார்.

இரண்டரை மணிக்கு ஐம்பத்திரண்டு. திருமாலின் வேலை முடிந்துவிட்டது. எழுந்து கதவைத் திறப்பது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"அப்போ சட்டி எங்க சார்?" என்றாள் சிவசங்கரி. அவள் குரலில் கிண்டல் இல்லாதது அவருக்கு என்னவோபோல் இருந்தது.

எந்தப் பீங்கான் தொழிலகத்திலும் உடைந்தவற்றைக் கொட்டுகிற மேடு ஒன்று இருக்கும். இங்கே மதிலோரமாக, ஆள் உயரத்துக்கு, மழையில் கழுவிய வெள்ளை வெளேரென்ற குவியல். கை இல்லாத பொம்மைகள், காது போன கோப்பைகள். கறுப்பை ஒளித்துவைக்க இதைவிட மோசமான இடம் விருத்தாசலத்தில் கிடையாது. கால் மணி நேரத்தில் சிவசங்கரி அதைத் தோண்டியெடுத்தாள். மூன்று கால் இரும்புக் கணப்பு. ஒரு பக்கப் பிடி உடைந்து, அதில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அடியில் சாம்பல் மழையில் கரைந்து சேறாகியிருந்தது. பூவாயியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கொட்டகைக் கணப்புக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கும், இது இங்கத்தது இல்லை என்றாள்.

கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்கள். பழமலைநாதன் தான் யார் என்பதைச் சொன்னார். இல்லாத பத்திரிகை ஒன்று நின்றுபோன துக்கம் கலியமூர்த்தியின் முகத்தில் நிஜமாகவே தெரிந்தது. கோணி பிரிந்ததும் அதுவும் மறைந்தது.

மிரட்டினார். போலீசில் தனக்கு யார் யாரைத் தெரியும் என்று பட்டியல் சொன்னார். பழமலைநாதன் குறுக்கே பேசாமல், மூன்று தழும்பையும், சூட்டுப் பத்தியையும், ரேக் இருக்கும் மூலையையும் மெதுவாகச் சொல்லி முடித்தார். கலியமூர்த்தி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது ஆள் கொஞ்சம் சிறுத்திருந்தார்.

திங்கட்கிழமை திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. ஏ.சி.க்குக் கரண்ட் இணைப்பு வரவில்லை. இன்ஜினியர் திரும்பிப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் திருமாலைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே ஒரு கேள்விதானாம்.

"பொம்மய காயவெக்கிறியே, ரூம காயவெக்கத் தெரியாதான்னு கேட்டேன். வேற ஒண்ணுஞ் சொல்லல சார். கேள்விதான கேட்டேன்."

ஞாயிறு சாயங்காலம் முதலாளி அளவு பார்க்க வந்திருக்கிறார். கதவைத் திறந்ததும் அனல் அடித்ததாம். திருமால் சுவரில் சாய்ந்து, மடியில் பென்சிலோடு இருந்திருக்கிறார். சட்டியைக் கொண்டுபோய்ப் போட்டது இவர். ரேக்கைத் தள்ளியதும் இவர். செம்புப் பட்டையைப் பையில் வைத்ததையும், கேட்காமலேயே, மேஜையைப் பார்த்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். பிறகு நிமிர்ந்தபோது பழைய ஆள் பாதி திரும்பி வந்திருந்தார்.

"இத நான் இந்த ரூமத் தாண்டிச் சொல்ல மாட்டேன் சார். இந்த ஊருல கரி அடுப்புக்கா பஞ்சம்? இது அவந்தான் கொண்டாந்தான்னு யாரு சொல்லுவா? ஒரே ஒருத்திதான் சொல்ல முடியும். வூட்டுல கணப்பு இருக்குது, எம் பொண்டாட்டி நல்லா மூட்டிக் குடுக்கும்னு அவன் எங்கிட்ட சொன்னான் சார். போயி அவளக் கேளுங்க. எதுல அவ புருஷன் செத்தான்னு சொல்லிட்டுக் கேளுங்க."

பழமலைநாதன் கணப்பைத் திரும்பக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

கனகாவின் வீடு ரயில்வே கேட்டைத் தாண்டி. நடந்தே போனார்கள். தூறல் விட்டிருந்தது. பாதி வழியில் சிவசங்கரி, சட்டியைக் காட்டாமல் கேஸை ஜெயிக்க வழியே இல்லையா என்று கேட்டாள். தழும்பை முதலாளி இந்நேரம் விரிப்போடு கிழித்து எறிந்திருப்பார் என்றார் அவர். கியாரண்டிக்காக அவர் கிழிக்க மாட்டாத அந்தச் சூட்டுப் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனால், வேலையும் பார்த்தான், திருடவும் செய்தான் என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஆள் ஒளித்துவைத்த பொருள் திருமாலுடையது என்று நிரூபித்தால்தான், அவர் சொன்ன மற்றதும் பொய் என்று ஆகும்.

"கம்பெனியில இருந்தப்ப உண்மை தெரிஞ்சதும் டைப் அடிச்சி அனுப்பிடுவேன் சங்கரி" என்றார். "யாரு வூட்டுக்கும் கையில எடுத்துக்கிட்டுப் போனதில்ல."

சிவசங்கரி கோணியை அவர் கையிலிருந்து வாங்கித் தான் தூக்கிக்கொண்டாள்.

கனகா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். காவியா இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. பழமலைநாதன் வழியில் நாலு விதமாக யோசித்து வைத்திருந்த முன்னுரை எதையும் சொல்ல முடியவில்லை. சிவசங்கரி கோணியைக் கீழே வைத்ததுமே, சைக்கிள் டியூப் சுற்றிய பிடி வெளியே தெரிந்துவிட்டது.

"இது எங்க வூட்டுதுங்க" என்றாள் கனகா. காணாமல்போன பொருள் கிடைத்த சந்தோஷம்கூட அந்தக் குரலில் ஒரு துளி இருந்தது. "பாப்பா யூனிபாரம் மழையில காயமாட்டேங்குதுன்னு மங்கலம்பேட்டையில வாங்கியாந்தோம். அன்னிக்கி வேலைக்கி வேணும்னு எடுத்துக்கிட்டுப் போனாரு. துக்கத்துல இத யாரு தேடுனா, உங்ககிட்ட சொல்லவும் தோணலீங்க."

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டார். அவளே சொல்லிக்கொண்டு போனாள். புகை வந்தால் மெஷின் ரூமுக்கு ஆகாது, கொஞ்சம்கூடப் புகை இல்லாமல் மூட்டிக் கொடு என்று திருமால் கேட்டாராம். அரைமணி நேரம் முறத்தால் விசிறி, புகைகிற கரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, நன்றாகக் கனிந்ததை மட்டும் போட்டுக் கொடுத்தாளாம். மாற்றிப் போடத் தனியாக ஒரு பையில் கரியும்.

"ஒரு சொட்டுப் பொகை இல்லீங்க. நல்லா மூட்டியிருக்கன்னு அவரே சொன்..."

நிறுத்தினாள். கணப்பைப் பார்த்தாள். பிறகு பழமலைநாதனை. அதற்குப் பிறகு சிவசங்கரியை. சிவசங்கரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எதனால செத்தாருங்க?"

பொய் சொல்லலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் காகிதத்தில் நாளை எழுதப்போவது எப்படியும் இவள் காதுக்கு வரும், அதுவும் கலியமூர்த்தியின் வாயால் வரும். பழமலைநாதன் அவளுக்கு எதிரே, ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, சொன்னார். அடைத்த ஜன்னலைச் சொன்னார், ரப்பர் போட்ட கதவைச் சொன்னார், முதலாளி கேட்ட கேள்வியைச் சொன்னார். காற்றுப் போகிற இடமாக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

கழுவிய பாத்திரங்களைக் கனகா ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி முடித்தாள்.

"வலிச்சிருக்குங்களா?"

"இல்லக்கா" என்றாள் சிவசங்கரி. "தூக்கம் வரும். அவ்ளோதான்." அவள் பேசியதில் கேலி கலக்காத வாக்கியங்களைப் பழமலைநாதன் அதுவரை எண்ணியதில்லை.

அவர் தாளை எடுத்தார். இந்தக் கணப்பு உங்களுடையது என்று சொன்னால் திருமால் வேலைக்குத்தான் போனார் என்பது உறுதியாகும், ஆனால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, யோசித்து நாளைக்குச் சொன்னாலும் போதும் என்றார். கனகா யோசிக்கவில்லை. எழுதுங்க என்றாள். யார் மூட்டியது என்பதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று அவர் கேட்டதற்கு, நான்தான் மூட்டினேன், அதையும் எழுதுங்க, இல்லையென்றால் அதையும் அவர் எங்கேயோ திருடியதாகச் சொல்வார்கள் என்றாள். எழுதியதை ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னாள். எழுத்துக் கூட்டி, தன் பெயரோடு புருஷன் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

தெருமுனையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. கனகா எழுந்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்தாள்.

"பாப்பா வந்துடும். அவங்கப்பா திருடலன்னு இன்னிக்கே சொல்லிடணும்" என்றாள். "அது மட்டும் சொன்னா போதுங்களா, இல்ல மத்ததையும் சொல்லணுங்களா?"

"அது மட்டும் போதும்மா" என்றார் பழமலைநாதன்.

"அப்ப மத்தது எங்கிட்டயே இருக்கட்டுங்க."